ஆயிரம் லிட்டருக்கு எந்த வடிவம்? கனச்செவ்வகமும் மற்ற திண்மங்களும்: ஓர் ஒப்பீடு

தொட்டியோ பெட்டியோ சேமிப்புக்கலனோ செய்யப் போகிறவர்கள் கொள்ளளவை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு வடிவத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். "கோளம்தான் குறைந்த பொருளில் அதிகம் கொள்ளும் என்று படித்தோம். பிறகு ஏன் எல்லாம் பெட்டி வடிவில் இருக்கின்றன?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. பாடப்புத்தகச் சூத்திரங்கள் இதற்குப் பாதி விடைதான் தருகின்றன. மீதிப் பாதி செய்யும் இடத்திலும் வைக்கும் இடத்திலும் இருக்கிறது.

எண்கள் கைக்கு அடங்கி வர, இந்தக் கட்டுரை முழுவதும் கொள்ளளவு ஒன்றே: 1 கன மீட்டர், அதாவது 1000 லிட்டர். வேறு கொள்ளளவுக்கு மாற்றுவதும் சுலபம். கொள்ளளவு 8 மடங்கானால் எல்லா நீளங்களும் 2 மடங்கு, எல்லாப் பரப்புகளும் 4 மடங்கு. வடிவங்களுக்கு இடையேயான விகிதம் மாறாது.

## முதலில் அளவுகோல்கள்

புறப்பரப்பு. எவ்வளவு தகடு, எவ்வளவு பூச்சு, வெப்பம் எவ்வளவு கசியும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கையில் மிஞ்சும் அளவுகள். கொள்ளளவை முடிவு செய்த பிறகு, நம் விருப்பத்துக்கு மாற்ற எத்தனை அளவுகள் பாக்கி இருக்கின்றன? கோளத்துக்கும் கனசதுரத்துக்கும் ஒன்றுமே இல்லை. கொள்ளளவு தெரிந்தால் ஆரமும் பக்கமும் தாமாகவே முடிவாகிவிடும். உருளைக்கும் கூம்புக்கும் ஒன்று மிஞ்சும். கனச்செவ்வகத்துக்கு இரண்டு. பெட்டிகள் உலகெங்கும் நிறைந்திருப்பதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான். ஆனால் ஒப்பீடுகளில் இது பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை.

அடைக்கும் இடம். கலன் கச்சிதமாக உள்ளே அமரும் பெட்டியின் கன அளவு. அறையில், வண்டியில், அலமாரியில் நாம் இழப்பது இதைத்தான்.

சுவர் தாங்கும் விதம். உள்ளே திரவம் இருந்தால் சுவரை வெளியே தள்ளும். தட்டைச் சுவர் வளைந்து தாங்கும். வளைந்த சுவர் இழுபட்டுத் தாங்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

செய்யும் பாடு. மூட்டுகளின் நீளம், வெட்டுக்கழிவு, தேவைப்படும் கருவி.

மட்டம் பார்ப்பதும் காலி செய்வதும். அளவுகோலை விட்டுப் பார்த்தால் எத்தனை லிட்டர் என்று தெரிய வேண்டும். கடைசிச் சொட்டு வெளியே வர வேண்டும்.

## ஒரே கொள்ளளவு, ஒன்பது கலன்கள்

எல்லாம் மேலும் கீழும் மூடியவை. உருளை, கூம்பு, பட்டகங்கள் ஆகியவற்றுக்கு அந்தந்த வகையில் புறப்பரப்பு மிகக் குறைவாக வரும் அளவுகளைக் கொடுத்திருக்கிறேன்.

| வடிவம் | அளவுகள் (மீ) | மொத்தப் புறப்பரப்பு (ச.மீ) | அடைக்கும் பெட்டி (க.மீ) |
|---|---|---|---|
| கோளம் | விட்டம் 1.24 | 4.84 | 1.91 |
| உருளை | விட்டம் 1.08, உயரம் 1.08 | 5.54 | 1.27 |
| ஒழுங்கு அறுகோணப் பட்டகம் | பக்கம் 0.61, உயரம் 1.05 | 5.72 | 1.33 |
| கனசதுரம் | 1 × 1 × 1 | 6.00 | 1.00 |
| கூம்பு | அடிவிட்டம் 1.39, உயரம் 1.97 | 6.09 | 3.82 |
| கனச்செவ்வகம் (அ) | 1.25 × 1 × 0.8 | 6.10 | 1.00 |
| சமபக்க முக்கோணப் பட்டகம் | பக்கம் 1.59, உயரம் 0.92 | 6.55 | 2.00 |
| கனச்செவ்வகம் (ஆ) | 2 × 1 × 0.5 | 7.00 | 1.00 |
| கனச்செவ்வகம் (இ) | 4 × 0.5 × 0.5 | 8.50 | 1.00 |

கனசதுரத்துக்கும் கனச்செவ்வகம் (அ)வுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பக்கங்களை 25 சதவீதம் கூட்டியும் 20 சதவீதம் குறைத்தும் பரப்பு கூடியது 1.7 சதவீதம் மட்டுமே. சிறந்த அளவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் விலகினால் தண்டனை மிகக் குறைவு. வெகுதூரம் விலகினால்தான் (இ) மாதிரி 40 சதவீதத்துக்கும் மேல் ஏறுகிறது.

## கனசதுரம்

6 முகங்கள், 12 விளிம்புகள், 8 முனைகள். எல்லா விளிம்புகளும் சமம். கனச்செவ்வகங்களுக்குள் குறைந்த புறப்பரப்பு இதற்குத்தான். ஆறு முகங்களும் ஒரே அளவென்பதால் ஒரே வெட்டு அச்சு போதும். எந்த முகத்தைக் கீழே வைத்தாலும் உயரம் மாறாது. அடுக்கிச் சேர்க்கும் பெட்டிகளுக்கு இது நல்ல குணம்.

மற்றபடி இது வளைந்து கொடுக்காத வடிவம். ஆயிரம் லிட்டர் என்றால் பக்கம் 1 மீட்டர், அதில் பேச்சே இல்லை. 90 செ.மீ. அகலக் கதவில் நுழையாது. திருப்பிப் பார்த்தும் பயனில்லை, எந்தப் பக்கமும் 1 மீட்டர்தான். இட நெருக்கடி இல்லாத, ஒரே மாதிரிப் பல கலன்கள் வேண்டிய நிலைமையில் கனசதுரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மற்ற நேரங்களில் சற்றே நீட்டிய கனச்செவ்வகமே மேல்.

## கனச்செவ்வகம்

கன அளவு = நீளம் × அகலம் × உயரம். மொத்தப் புறப்பரப்பு = 2 × (நீளம்×அகலம் + அகலம்×உயரம் + நீளம்×உயரம்). எதிரெதிர் முகங்கள் சர்வசமம். விளிம்புகள் நான்கு நான்காக மூன்று நீளங்களில் வரும். இவ்வளவும் பள்ளியிலேயே தெரிந்தது. இதன் விளைவுகள்தான் கவனிக்க வேண்டியவை.

கதவு. ஒரு பெட்டி நேராக வாசலில் நுழைய, அதன் மிகச் சிறிய முகம் வாசலுக்குள் அடங்கினால் போதும். (அ)வின் சிறிய முகம் 1 × 0.8. அது 0.9 மீ அகல வாசலில் தாராளமாகப் போகும். கனசதுரமும், 1.08 மீ விட்டமுள்ள உருளையும், கோளமும் வெளியிலேயே நிற்கும். அந்த 1.7 சதவீதத் தகடு எதற்குச் செலவானது என்று இப்போது புரியும்.

நிமிர்த்தல். படுக்க வைத்துக் கொண்டுவந்து நிமிர்த்தும்போது முகத்தின் மூலைவிட்டம் கூரையைத் தொடும். (ஆ)வை 2 மீட்டர் உயரமாக நிறுத்த வேண்டும் என்று வையுங்கள். 0.5 மீ விளிம்பின் மேல் சாய்த்து நிமிர்த்தினால் சுழல்வது 2 × 1 முகம், 2.24 மீ உயரம் வேண்டும். 1 மீ விளிம்பின் மேல் சாய்த்தால் சுழல்வது 2 × 0.5 முகம், 2.06 மீ போதும். 2.1 மீ கூரை உள்ள அறையில் ஒரு வழி முடியும், மற்றது முடியாது. பெட்டிக்குள் வைக்கக்கூடிய மிக நீளமான நேர்க்கம்பி கன மூலைவிட்டம்: மூன்று அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் (ஆ)வுக்கு 2.29 மீ.

எந்த முகம் கீழே? இதைப் பலர் அலங்கார விஷயமாக நினைக்கிறார்கள். (ஆ)வைத் தண்ணீர் நிரப்பி மூன்று விதமாகவும் வைத்துப் பார்ப்போம்:

| நீரின் உயரம் (மீ) | அடிமுகம் (மீ) | பெரிய பக்கச்சுவர் மேல் மொத்தத் தள்ளுவிசை | தரை தாங்கும் சுமை (ஒரு ச.மீ.க்கு) | மட்டம் 1 மி.மீ. மாறினால் |
|---|---|---|---|---|
| 0.5 | 2 × 1 | 250 கிலோ எடை | 500 கிலோ | 2 லிட்டர் |
| 1 | 2 × 0.5 | 1000 கிலோ எடை | 1000 கிலோ | 1 லிட்டர் |
| 2 | 1 × 0.5 | 2000 கிலோ எடை | 2000 கிலோ | 0.5 லிட்டர் |

அதே தகடு, அதே தண்ணீர். சுவர் மேல் வரும் தள்ளுவிசை மட்டும் எட்டு மடங்கு ஏறுகிறது. அழுத்தம் ஆழத்தோடு வளரும் என்பதாலும், நிமிர்த்தும்போது சுவரின் உயரமும் கூடுவதாலும் இப்படி. படுக்க வைத்தால் சுவர் பிழைக்கிறது, தரை பிழைக்கிறது. ஆனால் இடம் நான்கு மடங்கு போகிறது, மட்டத்தைப் படிப்பதில் 5 மி.மீ. தவறினால் 10 லிட்டர் பிசகுகிறது.

புடைப்பு. கனச்செவ்வகத் தொட்டிகள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தட்டையான தகட்டின் புடைப்பு, தாங்கல்களுக்கு இடையேயான தூரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதே அழுத்தத்தில், தகட்டின் நீளமும் அகலமும் இரட்டித்தால் புடைப்பு ஏறக்குறைய 16 மடங்கு. தகட்டின் தடிமனை இரட்டித்தால் அது எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே தடித்த தகட்டுக்குச் செலவழிப்பதைவிட, மெல்லிய தகட்டுக்கு வெளியே குறுக்குச் சட்டம் வைப்பது பெரும்பாலும் லாபம். சட்டத்தை நடு உயரத்தில் வைப்பது வழக்கமான பிழை. அழுத்தம் அடியில்தான் அதிகம், மொத்த விசை செயல்படும் புள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. சட்டங்கள் கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் வர வேண்டும்.

மூட்டுகள். ஒரே தகட்டில் வலை (பெட்டியைப் பிரித்து விரித்த வடிவம்) வெட்டி மடித்தால் 12 விளிம்புகளில் 5 மடிப்பாகிவிடும், 7 மட்டுமே ஒட்ட வேண்டியவை. இதற்கு ஒரு பொதுவிதி உண்டு. தட்டை முகங்களால் ஆன குவிந்த திண்மம் எதுவானாலும் முகங்கள் + முனைகள் − விளிம்புகள் = 2 என்பது ஆய்லரின் சமன்பாடு. மடிப்புகளின் எண்ணிக்கை முகங்களைவிட ஒன்று குறைவு. மிச்சக் கணக்கைப் போட்டால், ஒட்ட வேண்டிய விளிம்புகள் முனைகளைவிட ஒன்று குறைவு என்று வரும். கனச்செவ்வகத்துக்கு 7, முக்கோணப் பட்டகத்துக்கு 5, அறுகோணப் பட்டகத்துக்கு 11. வலையை எப்படி வெட்டினாலும் இந்த எண் மாறாது, நீளம் மாறும். (ஆ)வில் நீளமான விளிம்புகளை மடிப்பாக வைத்துக்கொண்டால் ஒட்டும் நீளம் 6 மீட்டருக்கு வந்துவிடும். எல்லா முகங்களையும் தனித்தனியாக வெட்டினால் 14 மீட்டர். ஒரு எச்சரிக்கை: கனசதுரத்தின் சிலுவை வடிவ வலைக்கு 4 × 3 மீட்டர் தகடு வேண்டும். அதில் பாதி வெளியே போகும். மிச்சத் துண்டுகளுக்கு வேறு வேலை இருந்தால்தான் இது கட்டுபடியாகும்.

சதுரம் பார்த்தல். நான்கு பக்கங்களும் சரியாக இருந்தும் பெட்டி கோணலாக இருக்கலாம். அப்படியானால் அடிமுகம் செவ்வகம் இல்லை, இணைகரம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 2 × 1 அடிக்கு இரண்டும் 2.236 மீ. ஒன்று நீண்டு மற்றது குறுகியிருந்தால், நீண்ட மூலைகளை உள்ளே தள்ளிச் சமப்படுத்திய பிறகே முழு வெல்டிங்கும். புள்ளி வெல்டிங் நிலையிலேயே பார்த்துவிடுங்கள்; பிறகு திருத்த முடியாது.

மறைமுகச் செலவுகள். மூன்று முகங்கள் கூடும் மூலைகளில் வண்டல் தங்கும், தூரிகை போகாது. உள்ளே கலக்கினால் நீர் வட்டமாகச் சுற்றும், மூலைகள் சும்மா கிடக்கும். வெளியேற்றும் குழாய் அடியிலிருந்து 2 செ.மீ. மேலே இருந்தால், 2 × 1 அடியில் 40 லிட்டர் எப்போதும் உள்ளேயே நிற்கும். 1 × 0.5 அடியில் 10 லிட்டர்தான்.

சாதகமாக ஒன்று: மட்டமும் அளவும் நேர்விகிதத்தில் போகும். தரை சற்றே சாய்ந்திருந்தாலும், அடிமுகத்தின் நடுப்புள்ளிக்கு நேராக ஆழம் பார்த்தால் கணக்கு சரியாகவே வரும். அடி முழுவதும் நீர் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரத்தில் அளந்தால் 2 மீட்டருக்கு 1 செ.மீ. சாய்வுக்கே 10 லிட்டர் தவறும்.

இடம் அளந்து வைத்தது போல் இருந்தால், சுவரோடு ஒட்டி வைக்க வேண்டும் என்றால், பல கலன்களை இடைவெளியின்றி அடுக்க வேண்டும் என்றால், உள்ளே வைப்பது திரவமல்லாத திடப்பொருள் என்றால் கனச்செவ்வகத்தைவிட்டு நகராதீர்கள்.

## உருளை

கன அளவு π × ஆரம்² × உயரம். வளைபரப்பு 2 × π × ஆரம் × உயரம். மூடிய உருளையில் உயரமும் விட்டமும் சமமாகும்போது புறப்பரப்பு குறைவு: 5.54 ச.மீ.

உருளையின் பலம் சுவரில். நீர் தள்ளும்போது சுவர் வளைவதில்லை, வளையம் போல இழுபடுகிறது. இழுவிசைச் செறிவு = அழுத்தம் × ஆரம் ÷ தடிமன். நம் உருளையின் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 10,600 நியூட்டன். 1 மி.மீ. தகட்டில் இழுவிசைச் செறிவு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 6 நியூட்டனுக்கும் கீழே. சாதாரண மென் எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்குவது 250 நியூட்டன் வாக்கில். 1 மி.மீ. தகட்டில் 1 மீட்டர் சதுரச் சுவரைச் சட்டமில்லாமல் செய்து பாருங்கள். அரை டன் தள்ளுவிசையில் அது வயிறு பெருத்து நிற்கும். இந்த ஓர் ஒப்பீட்டுக்காகவே திரவத் தொட்டிகளுக்கு உருளையை முதலில் பரிசீலிக்கச் சொல்வேன்.

இப்போது தகட்டுக் கணக்கு. இரண்டு வட்ட மூடிகளையும் சதுரத் தகட்டிலிருந்துதான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் 21.5 சதவீதம் மூலைத் துண்டுகளாகப் போகும். அந்தக் கழிவையும் சேர்த்தால் 5.54 ச.மீ. உருளைக்கு 6.04 ச.மீ. தகடு வாங்க வேண்டும். கனசதுரத்துக்கு 6! கழிவையும் கணக்கில் எடுத்து மிகக் குறைந்த தகட்டைத் தேடினால் விட்டம் சரியாக 1 மீ, உயரம் 1.27 மீ என்று வரும். அதற்குத் தேவையான தகடு சரியாக 6 ச.மீ. கனசதுரத்தோடு சமன். பரப்பில் உருளை காட்டும் 8 சதவீத மிச்சம் கத்தரிக்கோலோடு போய்விடுகிறது. பூச்சுக்கும் வெப்பக் கசிவுக்கும் மட்டும் அந்த மிச்சம் உண்மை.

பக்கத் தகட்டை வெட்டும்போது வரும் பிழை ஒன்று உண்டு. சுருட்டும்போது தகட்டின் உள்பக்கம் ஒடுங்கும், வெளிப்பக்கம் நீளும், நடுப்பகுதி மாறாது. எனவே நீளம் = π × (உள்விட்டம் + தடிமன்). உள்விட்டம் 1084 மி.மீ., தகடு 2 மி.மீ. என்றால் 3412 மி.மீ. வெட்ட வேண்டும். உள்விட்டத்தை மட்டும் வைத்துப் போட்டால் 3405 வரும். மூட்டில் 6 மி.மீ. பிளவு நிற்கும். அதை இழுத்து ஒட்டினால் விட்டம் 2 மி.மீ. குறைந்து மூடி உட்காராது.

மூட்டுகள் மூன்று: இரண்டு வட்டங்கள், ஒரு நேர்க்கோடு. மொத்தம் 7.9 மீட்டர். (ஒரு சுவாரசியம்: பள்ளியில் உருளைக்கு 3 பரப்புகள், 2 விளிம்புகள், முனையே இல்லை என்று எண்ணுகிறோம், ஆய்லர் கணக்கு 1 என்று வந்து இடிக்கும். பக்கத்து நேர் மூட்டையும் விளிம்பாக எண்ணுங்கள். 3 பரப்புகள், 3 விளிம்புகள், மூட்டின் முனைகள் 2. கணக்கு 2 என்று சரியாகிவிடும்.)

உள்ளிருந்து தள்ளினால் தாங்கும் மெல்லிய உருளை, வெளியிலிருந்து அழுத்தினால் சட்டென்று நசுங்கும். மேலே காற்றுத் துளை அடைத்திருக்கும்போது கீழே வால்வைத் திறந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். தொட்டி ஒடுங்குவது இப்படித்தான். காற்றுத் துளை, வெளியேற்றும் குழாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

கதவுச் சிக்கலுக்கு உருளையிடமும் ஒரு விடை உண்டு. விட்டத்தை 0.8 மீட்டராகக் குறைத்தால் உயரம் 1.99 மீ, பரப்பு 6.0 ச.மீ. பரப்பில் கனச்செவ்வகம் (அ)வைவிட அப்போதும் குறைவே! ஆனால் அடி அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், நிமிர்த்த 2.15 மீ கூரை வேண்டும். நிரம்பிய நிலையில் 22 டிகிரி சாய்ந்தாலே கவிழும். 1.25 × 1 அடியில் படுத்திருக்கும் (அ)வுக்கு அந்தக் கோணம் 51 டிகிரி.

உருளையைப் படுக்க வைத்தால் மட்டக்கணக்கு நேர்விகிதத்தை விட்டு விலகும். ஆழம் விட்டத்தில் 10 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது 5.2 சதவீதம்; 25 சதவீதம் என்றால் 19.6, பாதியில் மட்டும் சரியாகப் பாதி. "கால் பங்கு இருக்கிறது" என்று நம்பி இருப்பவருக்கு உண்மையில் 196 லிட்டர்தான் கிடைக்கும். படுத்த உருளைக்குத் தனி அளவுக்கோல் குறித்து வைப்பதைத் தவிர வழியில்லை.

## கோளம்

கன அளவு 4/3 × π × ஆரம்³, புறப்பரப்பு 4 × π × ஆரம்². குறைந்த பரப்பில் மிகுந்த கொள்ளளவு என்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. கோளத்தைக் கச்சிதமாக உள்ளடக்கும் உருளையோடு ஒப்பிட்டால் கன அளவும் பரப்பும் இரண்டுமே மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடீஸ் கண்டது இது. இந்த உருவம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருந்ததை கி.மு. 75இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தேடிக் கண்டுபிடித்தார்.

அழுத்தத்திலும் கோளமே முதல். இழுவிசைச் செறிவு = அழுத்தம் × ஆரம் ÷ (2 × தடிமன்). அதே ஆரமுள்ள உருளைச் சுவரில் வருவதில் பாதி. அழுத்தப்பட்ட வாயுக்களைப் பெரிய அளவில் சேமிக்கும் இடங்களில் கோளத் தொட்டிகள் நிற்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் தட்டைத் தகட்டைக் கிழிக்காமல், நீட்டாமல் கோளமாக்க முடியாது. கௌஸ் 1827இல் நிறுவிய வளைவுத் தேற்றத்தின் நேர் விளைவு இது. ஆரஞ்சுச் சுளை வடிவத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரு திசையிலும் வளைத்து ஒட்ட வேண்டும். அச்சும் அழுத்தியும் இல்லாத பட்டறையில் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். தவிர, தானாக நிற்காது, தாங்கி வேண்டும். 1000 லிட்டர் கோளம் 1.91 க.மீ. பெட்டியை அடைக்கும். ஒரே அளவுக் கோளங்களை எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் இடத்தில் 74.05 சதவீதத்துக்கு மேல் நிரம்பாது. கெப்லர் 1611இல் ஊகித்ததை தாமஸ் ஹேல்ஸ் 1998இல் நிறுவினார். கணினி வழிச் சரிபார்ப்பு 2014இல்தான் முடிந்தது.

உயர் அழுத்தம், அல்லது வெப்பக் கசிவைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டிய பெரிய கலன்: இவ்விரண்டும் இல்லாவிட்டால் கோளம் வேண்டாம்.

## கூம்பும் இடைக்கண்டமும்

முழுக்கூம்பு கலனாக எடுபடாது. அதே அடியும் உயரமும் உள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்குதான் கொள்ளும். நுனி கீழே இருக்க, பாதி ஆழத்துக்கு நிரம்பினால் உள்ளே இருப்பது எட்டில் ஒரு பங்கு. அதன் இடம் உருளையின் அடியில்: முழுவதும் வடிய வேண்டிய திரவத்துக்கும், தானாகச் சரிந்து இறங்க வேண்டிய மணிகளுக்கும் பொடிகளுக்கும். 1 மீ விட்ட உருளையின் அடியில் 45 டிகிரிக் கூம்பு வைத்தால் அரை மீட்டர் உயரம் போய் 131 லிட்டர் கிடைக்கும். அதே உயரத்தில் உருளை 393 லிட்டர் தந்திருக்கும். பொருள் குவியும்போது இயல்பாக நிற்கும் சாய்வைவிடக் கூம்பின் சரிவு கணிசமாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். உலர் மணல் 30 முதல் 35 டிகிரியில் நிற்கும். ஈரமானால் இன்னும் செங்குத்தாகவே நின்று வாயை அடைத்துக்கொள்ளும்.

வெட்டுவது எளிது. கூம்பின் வலை ஒரு வட்டக்கோணப் பகுதி. அதன் ஆரம் சாயுயரம், மையக்கோணம் 360 × ஆரம் ÷ சாயுயரம். ஆரம் 0.5, சாயுயரம் 0.707 என்றால் 254.6 டிகிரி. செங்குத்து உயரத்தைச் சாயுயரமாக நினைத்து வெட்டினால் தகடு வீண்.

நுனி வெட்டிய கூம்பான இடைக்கண்டம், வாளி வடிவம். காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். கனச்செவ்வகத்தாலும் உருளையாலும் இது முடியாது. அடிக்கடி காலியாகத் திருப்பி அனுப்பும் கலன்களுக்கு இந்த ஒரு குணமே போதும். கன அளவைச் சராசரி ஆரத்தை வைத்துப் போடுவது பலரின் பழக்கம். ஆரங்கள் 0.6, 0.5 என்று நெருங்கியிருந்தால் தவறு 0.3 சதவீதம்தான், விட்டுவிடலாம். மேல் ஆரம் அடி ஆரத்தைப் போல இரு மடங்கானால் 3.6 சதவீதம் குறைத்துக் காட்டும்.

## பட்டகங்கள்

அறுகோணப் பட்டகம் இடைவெளியின்றி அடுக்கும், பரப்பிலும் கனசதுரத்தைவிட 5 சதவீதம் மிச்சம். தட்டை முகங்களே என்பதால் சுருட்டும் கருவி வேண்டாம். ஆனால் ஒட்ட 11 விளிம்புகள், பக்கச்சுவர்களுக்கு இடையே 120 டிகிரி, நேர்ச்சுவரோடு ஒட்டி வைத்தால் மூலைகளில் முக்கோண ஓட்டை. தேன்கூடு போல நூற்றுக்கணக்கில் சேர்த்து வைக்கும்போதுதான் பலன். முக்கோணப் பட்டகத்தைக் கொள்ளளவுக்காகத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. மூலையில் வைக்க வேண்டும் என்றால் செங்கோண முக்கோண அடியோடு செய்யலாம்.

## கணக்கு தவறும் இடங்கள்

வெளியளவும் உள்ளளவும் வேறு. வெளியே 1 மீட்டர் கனசதுரம், எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சுவர் என்றால் உள்ளே 0.9 × 0.9 × 0.9, 729 லிட்டர்தான். (ஆ)வுக்கு 684, (இ)க்கு 624. ஒரு பக்கம் ஒல்லியாக ஒல்லியாகச் சுவர் தின்னும் பங்கு கூடும். தகடாக இருந்தால் புறக்கணிக்கலாம்; கான்கிரீட்டோ மரமோ வெப்பக்காப்புப் பலகையோ என்றால் உள்ளளவில் தொடங்கி வெளியே வாருங்கள்.

விட்டத்தை ஆரமாக எடுத்தால் உருளையில் 4 மடங்கு, கோளத்தில் 8 மடங்கு பிசகும். மூன்று அளவுகளிலும் தலா 1 சதவீதம் கூடுதலாக அளந்தால் கன அளவு 3 சதவீதம் கூடும். இரண்டை மீட்டரிலும் ஒன்றைச் சென்டிமீட்டரிலும் பெருக்குவதும் உண்டு. மூன்றையும் டெசிமீட்டரில் எழுதினால் பெருக்குத்தொகை நேராக லிட்டரில் வரும்: 12.5 × 10 × 8 = 1000.

## மூடி இல்லாவிட்டால்

மேற்புறம் திறந்த தொட்டியென்றால் வரிசை மாறும். கனசதுரத்துக்கு 5 ச.மீ. திறந்த சதுர அடிப் பெட்டியில் மிகக் குறைந்த பரப்பு, உயரம் அடிப்பக்கத்தில் பாதியாகும்போது: 1.26 × 1.26 × 0.63, பரப்பு 4.76. உருளையில் உயரம் ஆரத்துக்குச் சமமாகும்போது 4.39. அரைக்கோளம் 3.84.

மூடிய நிலையில் கனசதுரத்தைவிட 1 ச.மீ. கூடுதலாகக் கேட்ட கனச்செவ்வகம் (ஆ), 2 × 1 முகத்தைத் திறந்துவிட்டால் சரியாக 5 ச.மீ.க்கு இறங்கி அதோடு சமமாகிவிடுகிறது. ஆழம் குறைவு என்பதால் சுவரும் மெல்லியதாக இருக்கலாம். திறந்த தொட்டிக்குத் தட்டையான கனச்செவ்வகமே நல்லது என்று சொல்லத் தோன்றும். ஆனால் திறந்த தொட்டியை விளிம்பு வரை நிரப்ப முடியாது, 10 செ.மீ. விட வேண்டும் என்றால் கனசதுரத்தில் 100 லிட்டர் போகும், (ஆ)வில் 200 லிட்டர். அதை ஈடுகட்டச் சுவரை 10 செ.மீ. உயர்த்துங்கள்: கனசதுரம் 5.4 ச.மீ., (ஆ) 5.6 ச.மீ.